தாள் வருகிறது, பல் வருவதில்லை: வெயில் ஊரில் பூண்டுக்கு என்ன நேர்கிறது?

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி பக்கம் மொட்டை மாடியில் நாலு க்ரோ பேக் வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். பூண்டு போட்டுப் பார்க்காதவர் அரிது. சமையலறைக் கூடையில் முளைவிட்ட பல் ஒன்றை மண்ணில் ஊன்றினால் ஒரு வாரத்துக்குள் பச்சைக் குருத்து எட்டிப் பார்க்கிறது. ஒரு மாதத்தில் தாள் ஒரு சாண் உயரத்துக்கு எழும்பிவிடுகிறது. பக்கத்து வீட்டார் மெச்சுகிறார்கள். மூன்று நான்கு மாதம் பொறுத்திருந்து ஆசையாகப் பிடுங்கினால் அடியில் பூண்டு இல்லை. கொஞ்சம் தடித்த வெள்ளைத் தண்டு மட்டும் இருக்கிறது. இல்லாவிட்டால், பல் பிரியாத ஒற்றை உருண்டை.

காரணம் கேட்டால் ஆளுக்கொரு பதில். மண் சரியில்லை என்பார் ஒருவர். கடைப் பூண்டுக்கு மருந்து அடித்துவிடுகிறார்கள் என்பார் இன்னொருவர். பூண்டு மலைப்பயிர், நம் வெயிலுக்கு வராது என்று முடித்துவிடுவார் மூன்றாமவர். இதற்கு நேர்மாறாக, எந்தப் பல்லை எந்த மாதத்தில் நட்டாலும் தொண்ணூறு நாளில் கொத்துக் கொத்தாகப் பூண்டு எடுக்கலாம் என்று காட்டும் வீடியோக்களும் உண்டு. கடைசியாகச் சொன்னதைத் தவிர மற்றவை முழுப் பொய் இல்லை. ஆனால் எதுவும் காரணத்தைத் தொடவில்லை.

காரணம் தெரியாமல் போவதால் என்ன ஆகிறது என்பதைப் பார்க்கும்போதுதான் வருத்தமாக இருக்கிறது. ஒருவர் மண்ணை மாற்றுகிறார், அடுத்த ஆண்டு உரத்தைக் கூட்டுகிறார், அதற்கும் அடுத்த ஆண்டு "நமக்குக் கைராசி இல்லை" என்று பையைக் கவிழ்த்துவிடுகிறார். கைராசிக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. பூண்டுச் செடி தனக்குள் ஒரு காலக்கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கு நம் ஊரில் நிறைவேறுவதில்லை. எந்த இடத்தில் நிறைவேறவில்லை என்று தெரிந்துகொண்டால், அந்த ஒரு குறையை வீட்டிலேயே ஈடுகட்டலாம்.

ஒரு பல்லை நெடுக்காகப் பிளந்து பாருங்கள்

தோல் உரித்த பல் ஒன்றை நுனியிலிருந்து அடிவரை நெடுக்காக வெட்டி வெளிச்சத்தில் வையுங்கள். பெரும்பகுதி கெட்டியான வெள்ளைச் சதை. அதன் நடுவில், அடியிலிருந்து மேல்நோக்கி மெல்லிய குருத்து ஒன்று நிற்கும். புதுப் பூண்டில் அது வெளிறிப்போய், அடியோடு ஒட்டிக் குட்டையாக இருக்கும். பழைய பூண்டில் பச்சை பிடித்து, நுனியைத் தொட்டுக்கொண்டிருக்கும். கீழே வேர் புறப்படும் இடத்தில் தட்டையாக, கத்திக்குச் சற்றே கடினமாக ஒரு வட்டு தெரியும். அதற்கு அடித்தட்டு என்று பெயர். பூண்டுச் செடியின் உண்மையான தண்டு இந்த வட்டுதான். மண்ணுக்கு மேலே நாம் தண்டு என்று நினைப்பதெல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாகச் சுற்றிய இலைகளின் அடிப்பகுதி.

நாம் தின்னும் வெள்ளைச் சதையும் ஓர் இலையே. உணவைச் சேமித்து வைப்பதற்காகத் தடித்துப்போன இலை. ஆக, ஒரு பல்லுக்குள் தண்டு, குருத்து, அந்தக் குருத்துக்குக் கட்டுச்சோறு எல்லாம் தயாராக இருக்கின்றன. அதனால்தான் பல் எந்த மண்ணிலும், வெறும் ஈரத்துணியிலும்கூட முளைக்கிறது. முளைப்பதற்கு அது நம் ஊரிடமிருந்து எதையும் எதிர்பார்ப்பதில்லை. முளைத்துவிட்டது என்பதை வைத்து விளையும் என்று நம்பிவிடுவதில்தான் ஏமாற்றம் தொடங்குகிறது.

சின்ன வெங்காயம் வருகிறதே, பூண்டு ஏன் வராது?

இந்தக் கேள்வியை எல்லையின் இரு பக்கத்திலும் கேட்டிருக்கிறேன். நியாயமான கேள்விதான். இரண்டும் ஒரே குடும்பம், தாளும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கிறது. கொங்கு நாட்டிலிருந்து சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கம் வரை சின்ன வெங்காயத்துக்குப் பஞ்சமில்லை.

வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினால் வளையம் வளையமாகத் தெரிகிறது. ஒவ்வொரு வளையமும் ஓர் இலையின் அடிப்பகுதி. செடியில் இலை ஏற்கெனவே இருக்கிறது. அதன் அடி தடித்தால் போதும், வெங்காயம் ஆகிவிடும்.

பூண்டில் அப்படி இல்லை. பூண்டுச் செடியின் பெரிய இலைகளின் அடிப்பகுதிகள் தடிப்பதில்லை. கடைசியில் காய்ந்து, நாம் உரித்துப் போடும் காகிதத் தோலாக மாறிவிடுகின்றன. பற்கள் பிறப்பது வேறோர் இடத்தில். இலை அடித்தட்டோடு சேரும் இடுக்குக்கு இலைக்கோணம் என்று பெயர். உள்பக்கத்து இளம் இலைகளின் கோணங்களில் ஊசிமுனை அளவில் மொட்டுகள் உண்டாக வேண்டும். இவை கோணமொட்டுகள். ஒவ்வொரு கோணமொட்டும் பருத்தால் ஒவ்வொரு பல்.

எனவே பூண்டுச் செடிக்கு வேலை இரண்டு. முதலில் பல் பிறக்க வேண்டும், பிறகு பருக்க வேண்டும். முதல் வேலை நடக்காமல் இரண்டாவது மட்டும் ஓரளவு நடந்தால் என்ன ஆகும்? நடுக்குருத்து மட்டும் தடித்து ஒற்றை உருண்டையாக நின்றுவிடும். இரண்டுமே நடக்காவிட்டால் தாள் மட்டுமே மிஞ்சும். உங்கள் மாடியில் கண்டது இந்த இரண்டில் ஒன்றுதான்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: பல் முளைப்பது அதன் சொந்தச் சேமிப்பில், பூண்டு கட்டுவது புதிய மொட்டுகள் பிறந்து பருப்பதால். அந்த மொட்டுகளைப் பிறக்கச் சொல்லும் கட்டளை வெளியிலிருந்து வர வேண்டும்.

இரண்டு சாவி

வங்கி லாக்கரைத் திறந்திருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். முதலில் வங்கி ஊழியர் தன் சாவியைப் போட்டுத் திருப்புவார். அதன்பிறகு உங்கள் சாவியைப் போட வேண்டும். உங்கள் சாவியை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் திருகினாலும் கதவு அசையாது. ஊழியர் திருப்பிவிட்டுப் போனபிறகு நீங்கள் சாவியோடு வராவிட்டாலும் அப்படித்தான்.

பூண்டுக்கும் இரண்டு சாவி, அதே போல வரிசையும் உண்டு. முதல் சாவி குளிர். இரண்டாவது சாவி நீண்டுகொண்டே வரும் பகலும் கூடிக்கொண்டே வரும் இளஞ்சூடும்.

முதல் சாவியைப் பார்ப்போம். விதைப்பல்லோ வளரும் செடியோ ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே, உறையாத குளிரில், ஒன்று முதல் இரண்டு மாதம் இருக்க வேண்டும். இப்படிக் குளிர்பட்டதால் ஒரு செடி அடுத்த கட்டத்துக்குத் தயாராவதைத் தாவரவியலில் தட்பப்பதனம் என்கிறார்கள். குளிர் பூண்டை வளர்ப்பதில்லை. குளிரில் வளர்ச்சி மந்தமாகத்தான் இருக்கும். குளிர் ஒரு சேதியைச் சொல்கிறது: பனிக்காலம் வந்து போய்விட்டது.

இந்தச் சேதி எதற்கு? பூண்டின் பூர்விகம் மத்திய ஆசியா, தியான் ஷான் மலைத்தொடரை ஒட்டிய பகுதி. அங்கே இலையுதிர் காலத்தில் வேர்விட்டு, பனியில் அடங்கிக் கிடந்து, வசந்தத்தில் பகல் நீளத் தொடங்கியதும் வேகமாக இலைவிட்டு, வறண்ட கோடை வருவதற்குள் தன் உணவை மண்ணுக்குள் கட்டி வைத்துக்கொண்டு காய்ந்துவிட வேண்டும். கட்டி வைக்க எப்போது தொடங்குவது என்று தெரியாத செடி கோடையில் மாண்டுபோகும். குளிரை உணர்ந்து, பிறகு பகலை அளப்பது அதன் பிழைப்புக்கான வழி. பல்லாயிரம் ஆண்டு மனிதர் கையில் வளர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் பூண்டைவிட்டுப் போகவில்லை.

இரண்டாவது சாவியில் பகலின் நீளத்துக்குப் பெரிய பங்கு. பகல் எத்தனை மணி நேரம் என்பதை இலைகள் உணர்ந்து, அதற்கேற்பச் செடி தன் வளர்ச்சியை மாற்றிக்கொள்வதற்கு ஒளிக்காலத்துவம் என்று பெயர். எல்லாப் பூண்டு ரகங்களுக்கும் ஒரே அளவு பகல் தேவையில்லை. இமயமலைப் பக்கத்து ரகங்கள் நீண்ட பகலைக் கேட்கின்றன. ஸ்ரீநகரில் ஜூன் மாதப் பகல் 14 மணி நேரத்தையும் தாண்டும். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் சமவெளி ரகங்களுக்குக் குறும்பகலே போதும்.

இந்த இரண்டு சாவிகளுக்கும் இடையே ஒரு சலுகை இருக்கிறது. குளிர் கூடுதலாகக் கிடைத்தால், பகல் கொஞ்சம் குட்டையாக இருந்தாலும் செடி பூண்டு கட்டிவிடும். நமக்கு நம்பிக்கை தரும் ஒரே இடம் இதுதான். கீழே சொல்லப்போகும் செய்முறை முழுவதும் இந்தச் சலுகையின் மேல்தான் நிற்கிறது.

வட்டவடைக்கும் கொழிஞ்சாம்பாறைக்கும் ஒரே சூரியன்

நம் ஊரில் எந்தச் சாவி குறைகிறது? இதற்கு ஆராய்ச்சிக்கூடம் தேவையில்லை. இடுக்கி மாவட்டத்துக்குப் போனால் போதும். வட்டவடையும் காந்தல்லூரும் கேரளத்தில் இருந்தாலும் தமிழ் பேசும் விவசாயிகள் நிறைந்த மலைக்கிராமங்கள். அங்கே விளையும் பூண்டுக்கு 2022இல் "காந்தல்லூர் வட்டவட வெளுத்துள்ளி" என்ற பெயரில் புவிசார் குறியீடு கிடைத்தது. மலைப்பூண்டு, சிங்கப்பூர் பூண்டு என்று நாம் கேள்விப்படும் வகைகள் மேற்குத் தொடர்ச்சி மலையின் இப்படிப்பட்ட ஊர்களில் விளைபவை. மலையின் மறுபக்கம் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு. அந்தச் சரக்கு இறங்கும் தேனி மாவட்டத்து வடுகபட்டிச் சந்தை பலருக்கும் தெரிந்ததே.

வட்டவடை ஏறக்குறைய 10.2 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. கொழிஞ்சாம்பாறை 10.7 பாகையில். பகலின் நீளத்தை முடிவு செய்வது அட்சரேகைதான். உயரத்துக்கு அதில் பங்கு மிகக் குறைவு. இரண்டு ஊரிலும் டிசம்பரில் பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம், ஜூனில் சுமார் பன்னிரண்டே முக்கால் மணி நேரம். ஒரே சூரியன், ஒரே பகல். அங்கே பூண்டு கட்டுகிறது, இங்கே கட்டவில்லை என்றால் குறை பகலில் இருக்க முடியாது.

வேறுபாடு உயரத்தில் வருகிறது. ஆயிரம் மீட்டர் மேலே போனால் வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். காந்தல்லூர் கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் ஊர் சுமார் இருநூறு மீட்டர்தான். கணக்குப் போட்டால் எட்டு, ஒன்பது டிகிரி வித்தியாசம். மூணாறு வட்டாரத்தில் மார்கழி, தை இரவுகளில் புல்வெளியில் உறைபனி படிவதுண்டு. நம் ஊரில் மார்கழி விடியலில் சால்வை போர்த்திக்கொள்கிறோம் என்பது உண்மைதான். ஆனால் வெப்பமானி இருபது டிகிரியை ஒட்டியே நிற்கும். பத்துக்கு இறங்காது.

வடக்கிலிருந்தும் ஒரு சாட்சி சொல்லலாம். நம் மளிகைக் கடைக்கு வரும் பூண்டில் பெரும்பகுதி மத்தியப் பிரதேசத்தின் மந்த்சௌர், நீமச் பக்கத்திலிருந்தும் ராஜஸ்தானின் கோட்டா பக்கத்திலிருந்தும் வருகிறது. அங்கே அக்டோபர், நவம்பரில் நட்டு பிப்ரவரி முதல் ஏப்ரலுக்குள் எடுத்துவிடுகிறார்கள். 24 பாகை அட்சத்தில் டிசம்பர் பகல் பத்தரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். நம் டிசம்பர் பகலைவிட அது குட்டை! மார்ச் பிற்பாதியில் இரண்டு இடத்திலும் பன்னிரண்டு மணி நேரம். அந்தப் பகலில் அங்கே பூண்டு விளைகிறது என்றால் நம் பகலிலும் விளையலாம். அவர்களுக்கு இருப்பதும் நமக்கு இல்லாததும் குளிர்கால இரவுகள்.

ஆக, "பூண்டு மலைப்பயிர்" என்ற பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. பூண்டுக்கு வேண்டியது மலை இல்லை, மலையில் கிடைக்கும் குளிர். முதல் சாவி நம்மிடம் இல்லை; இரண்டாவது சாவி இருக்கிறது.

கடைப் பூண்டுக்கு மருந்து அடிக்கிறார்களா?

இதை இங்கேயே தெளிவுபடுத்திவிடுவது நல்லது, ஏனென்றால் விதைப்பூண்டு எங்கே வாங்குவது என்பது இதில்தான் இருக்கிறது. புதிதாக அறுவடையான பூண்டைச் சித்திரையில் வாங்கி நட்டால் வாரக்கணக்கில் முளைக்காமல் கிடக்கும். உடனே மருந்தின் மேல் சந்தேகம் வருகிறது. அறுவடைக்குப் பிறகு சில மாதங்களுக்கு, ஈரமும் மண்ணும் கொடுத்தாலும் பல் விழித்தெழாமல் இருப்பது அதன் இயல்பு. இதற்கு உறக்கநிலை என்று பெயர். பல்லைப் பிளந்து பார்த்தோமே, அந்தக் குருத்து பல்லின் பாதி உயரத்தைத் தாண்டியிருந்தால் உறக்கம் கலைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். புரட்டாசி வாக்கில் கடையில் வாங்கும் வடநாட்டுப் பூண்டில் இது பெரும்பாலும் கலைந்திருக்கும்.

அந்தப் பூண்டு குறும்பகலுக்குப் பழகிய ரகம் என்பதால் நமக்குப் பொருத்தமும்கூட. மலைப்பூண்டின் காரத்தையும் மணத்தையும் விரும்பி அதையே சமவெளியில் நட ஆசைப்படுகிறவர்கள் உண்டு. ஆசை புரிகிறது, ஆனால் மலைக்குளிரிலேயே பழகிய விதையைச் சமவெளியில் முதல் முறை நடுகிறவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மராட்டியத்தின் ராஜகுருநகரில் இருக்கும் வெங்காயம், பூண்டு ஆராய்ச்சி நிறுவனத்தின் பீமா ஓம்கார், பீமா பர்ப்பிள் போன்ற ரகங்கள் விதையாகக் கிடைத்தால் வாங்கலாம். கிடைக்காவிட்டால் தடித்த பல் உள்ள நல்ல கடைப் பூண்டே போதும்.

ஃபிரிட்ஜுக்குள் ஒரு குளிர்காலம்

ஃபிரிட்ஜில் வைத்த பூண்டு வெளியே எடுத்ததும் சீக்கிரம் முளைத்துவிடுகிறது என்று குறைபட்டுக்கொள்பவர்கள் உண்டு. சமையலுக்கு அது குறைதான். தோட்டத்துக்கு அதுவே வரம். வீட்டு ஃபிரிட்ஜின் உள்வெப்பம் பொதுவாக 4 முதல் 8 டிகிரிக்குள் இருக்கும். பூண்டு தேடும் குளிர் சரியாக அந்த அளவில்தான் இருக்கிறது.

புரட்டாசி நடுவில், அதாவது அக்டோபர் தொடக்கத்தில், கெட்டியான முழுப் பூண்டுகளாகப் பொறுக்குங்கள். பற்களைப் பிரிக்க வேண்டாம்; தோலோடு முழுதாக இருந்தால் காய்ந்துபோகாது, பூஞ்சை பிடிப்பதும் குறையும். காகிதப் பையிலோ பருத்தித் துணிப் பையிலோ போட்டு, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் அல்லது காய்கறிப் பெட்டியில் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் உள்ளே வியர்த்து அழுகும். உறைபெட்டியில் வைக்கவே கூடாது. சதை உறைந்து உயிர் போய்விடும். வாரம் ஒருமுறை பையைத் திறந்து பார்த்து, பூஞ்சை தென்பட்ட பூண்டை அப்புறப்படுத்துங்கள்.

ஆறு முதல் எட்டு வாரம் அப்படியே இருக்கட்டும். இரண்டு வாரம் வைத்துவிட்டு நட்டவர்கள் "ஃபிரிட்ஜ் வைத்தியமும் பலிக்கவில்லை" என்பார்கள். சேதி முழுமையாகப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். அதற்காக மூன்று, நான்கு மாதம் வைப்பதும் தவறு. குளிர் அளவுக்கு மிஞ்சினால் செடி நாலைந்து இலை விட்ட உடனேயே அவசரமாகப் பூண்டு கட்டத் தொடங்கிவிடும். இலைதான் அடுப்படி, அங்கே சமைத்த உணவுதான் பல்லுக்குப் போகிறது. இலை குறைந்தால் பூண்டு சிறுத்துப்போகும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தபிறகு பல்லைச் சமையலறை மேடையில் வாரக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். கடும் வெப்பம் பட்டால், குளிர் எழுதியதை அது அழித்துவிடக்கூடும். எடுத்த ஓரிரு நாளில் மண்ணுக்குள் போய்விட வேண்டும்.

எப்போது நடுவது?

கார்த்திகைத் தொடக்கம். துலாவர்ஷத்தின், அதாவது வடகிழக்குப் பருவமழையின், பெருமழை ஓய்ந்து, மண் நனைந்து, ஆனால் நீர் தேங்காமல் இருக்கும் நேரம். ஐப்பசி நடுவில் நட்டால் அடைமழையில் பல் அழுகும் ஆபத்து உண்டு. மார்கழிக் கடைசிக்குத் தள்ளிப்போட்டால், இலை பெருகுவதற்கு முன்பே மாசி, பங்குனி வெயில் வந்து முட்டும்.

கார்த்திகையில் நட்ட செடி மார்கழி முழுவதும் இலைவிடுகிறது. தை பிறக்கும்போது பகல் நீளத் தொடங்கியிருக்கும். இரண்டாவது சாவி இப்போது பூட்டுக்குள் நுழைகிறது. தையும் மாசியும் பல் பருக்கும் மாதங்கள். மாசிக் கடைசியில், பாலக்காட்டு வெயில் உச்சத்துக்குப் போவதற்கு முன், அறுவடை. இந்தக் காலக்கணக்கில் மூன்று வாரம் பிசகினாலும் விளைச்சலில் தெரியும்.

மண், நடவு, நீர்

பூண்டின் வேர் ஆழம் போகாது. ஓர் அடி ஆழமுள்ள க்ரோ பேக்கோ தொட்டியோ போதும். பொலபொலவென்ற மண், நன்றாக மக்கிய சாணம், கொஞ்சம் மணல், கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கு. பாலக்காட்டின் மேற்குப் பக்கத்துச் செம்மண்ணும் வெட்டுக்கல் மண்ணும் புளித்தன்மை உடையவை. அங்கே நடவுக்குச் சில வாரம் முன்பே கும்மாயம், அதாவது நீற்றிய சுண்ணாம்பு, கலந்து வைக்க வேண்டும். சித்தூரின் கிழக்குப் பக்கத்துக் கரிசல் மண்ணில் சுண்ணாம்பு ஏற்கெனவே இருக்கிறது. யாரோ சொன்னார்கள் என்று அங்கேயும் கும்மாயம் போடாதீர்கள். கரிசலுக்குத் தேவை நீர் வடிவதற்கான மணலும் எருவும்.

நடும் அன்று பற்களைப் பிரித்து, வெளிச்சுற்றில் இருக்கும் பெரிய பற்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் இருக்கும் மெலிந்த பற்கள் சமையலுக்குப் போகட்டும். பெரிய பல் என்றால் பெரிய கட்டுச்சோறு. தொடக்கத்திலேயே தடித்த இலை வரும். தோலை உரிக்க வேண்டாம். வேர்ப்பக்கம் கீழே, கூர்நுனி மேலே. இரண்டு அங்குல ஆழம், பல்லுக்குப் பல் நான்கு அங்குல இடைவெளி. மேலே காய்ந்த வைக்கோலை மூடாக்காகப் பரப்பினால் மண் சூடேறாமல் இருக்கும்.

மொட்டை மாடிக்கு ஒரு தனி எச்சரிக்கை. கான்கிரீட் தளம் பகல் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரவெல்லாம் வெளியிடுகிறது. பையை நேரே தளத்தில் வைத்தால் வேர் வெந்துபோகும். செங்கல் வைத்து, மேலே பலகை போட்டு, அதன்மேல் பையை வையுங்கள். காலை வெயில் முழுதாகவும், பிற்பகல் மூன்று மணிக்குமேல் சுவர் நிழலும் விழும் இடம் கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை.

மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் கிழக்குக் காற்றை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. உதடு வெடிக்கிற அந்தக் காற்றில் தொட்டி மண் ஒரே நாளில் காய்ந்துவிடும். வேர் மேலாகவே இருப்பதால், கொஞ்சமாக, அடிக்கடி நீர் விடுங்கள். இதே காற்றில்தான் இலைப்பேனும் பெருகும். தாளில் வெள்ளிக்கோடுகள் போலக் கீறல் தெரிந்தால் அதன் வேலை. குருத்தின் இடுக்கில் படும்படி வேப்பெண்ணெய்க் கரைசலைச் சாயங்கால வேளையில் தெளிக்கலாம்.

உரத்தில் ஒரே ஒரு விதியை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். சாணம், கடலைப் புண்ணாக்கு போன்ற தழைச்சத்து தரும் உரமெல்லாம் முதல் ஒன்றரை மாதத்துக்குள். பல் பிறக்கத் தொடங்கியபிறகு தழைச்சத்தைக் கொட்டினால் செடி மறுபடி இலைவிடப் போய்விடும்; பல்லும் மண்ணுக்குள்ளேயே குருத்து விடத் தொடங்கும்.

பல் பிறந்ததா என்று எப்படித் தெரியும்?

தை நடுவில் ஒரே ஒரு செடியைத் தியாகம் செய்யுங்கள். பிடுங்கி, வேரைக் கழுவி, இரண்டு இடத்தில் தடிமனைப் பாருங்கள்: மண்ணுக்கு மேலே இலைகள் ஒன்றுசேரும் கழுத்து, அடியில் உள்ள குமிழ். குமிழ் கழுத்தைவிட இரண்டு மடங்கு தடித்திருந்தால் செடி பூண்டு கட்டத் தொடங்கிவிட்டது. பிறகு குமிழை அடித்தட்டுக்குச் சற்று மேலே குறுக்காக வெட்டுங்கள். நடுக்குருத்தைச் சுற்றி, இலை வளையங்களுக்கு இடையே, பளபளவென்று வெள்ளை மணிகள் பிறைவடிவில் வரிசையாக உட்கார்ந்திருந்தால் அவைதான் பற்கள். எண்ணிக்கூடப் பார்க்கலாம். அதைக் கண்ணால் கண்ட பிறகு யாருக்கும் பூண்டின்மேல் சந்தேகம் வராது.

வளையங்கள் மட்டும் தெரிந்தால், குளிர் போதவில்லை. அந்தப் பாத்தியில் இனிப் பூண்டுக்குக் காத்திருப்பதில் பயனில்லை. தாளை அறுத்துச் சமையலுக்கு எடுங்கள். பூண்டுத்தாள் பொரியலும் துவையலும் அருமையாக இருக்கும். சொல்லப்போனால், ஃபிரிட்ஜ் வேலையெல்லாம் முடியாது என்பவர்கள் தாளுக்காகவே பூண்டு நடலாம். ஆண்டில் பெரும்பாலான மாதங்களில் அது வரும்.

எடுப்பதும் உலர்த்துவதும்

அடி இலைகள் மூன்றிலொரு பங்கு பழுத்துக் காயத் தொடங்கியதும் நீரை நிறுத்துங்கள். பாதி காய்ந்ததும், இரண்டு வாரத்துக்குள், மண்ணைக் கிளறித் தாளோடு எடுங்கள். எல்லா இலையும் காயட்டும் என்று காத்திருந்தால் வெளித்தோல் மக்கிப் பற்கள் மண்ணுக்குள்ளேயே சிதறிவிடும். கழுவ வேண்டாம், மண்ணைத் தட்டிவிட்டு, தாளோடு பிணைத்து, காற்று ஓடும் நிழலில் இரண்டு வாரம் தொங்கவிடுங்கள். நேர்வெயிலில் போட்டால் பல் வெந்து நிறம் மாறும்.

அளவைப் பற்றி முன்பே மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். சமவெளித் தொட்டியில் விளைந்த பூண்டு வட்டவடைப் பூண்டின் பருமனுக்கு வராது. நம் குளிர் கடன் வாங்கியது, நம் வசந்தம் குட்டையானது. கிடைத்த இலைக்கு ஏற்ற பூண்டுதான் கிடைக்கும். ஆனால் பல் பிரிந்திருக்கும், காரம் குறையாது.

ஒரே பாத்தியில் சில செடிகள் நன்றாகப் பல் பிரிந்தும், சில ஒற்றை உருண்டையாகவும் வரும். நன்றாகப் பிரிந்தவற்றில் பெரியதை விதைக்கென்று ஒதுக்கி வையுங்கள். நம் சூட்டிலும் கட்டிய செடியின் வாரிசு அது. ஒற்றை உருண்டைகளையும் வீசிவிடாதீர்கள். அவை பெரிய விதைப்பல்லுக்குச் சமம். புரட்டாசி வரை நிழலில் உலர்வாக வைத்திருந்து, மற்ற விதைப்பூண்டோடு சேர்த்து ஃபிரிட்ஜில் குளிரூட்டி நட்டால், போன ஆண்டு பிரியாமல் நின்ற அந்த உருண்டையிலிருந்து பல் பிரிந்த முழுப் பூண்டு கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.